சிறிய வீட்டுக்கு மாறுவது பற்றித் தம்பிக்கு

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மச்சாளும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. அத்தான் பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டை ஏன் விற்கிறேன் என்றும், வீடு வாங்குவதற்கு ஒரு முகவரை அமர்த்துவது வீண்செலவில்லையா என்றும் கேட்டிருந்தாய். பெரியவன் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு நீ கவலைப்படுகிறாய் என்பது விளங்கியது. ஆகவே நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

சின்னவளும் ஒட்டாவாவுக்குப் போனபிறகு மேல்மாடி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. ஆனாலும் பனிக்காலம் முழுவதும் அவற்றையும் சூடாக்கத்தான் வேண்டியிருக்கிறது. வங்கிக் கடனைப் புதுப்பிக்கும் தவணையும் வருகிறது. வட்டி முன்புபோல் இல்லை என்கிறார்கள். அது பெரிய விடயமல்ல, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. வாசலில் விழும் பனியைப் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் விடியுமுன்னரே வந்து தள்ளிவிடுகிறார். அவர் தன்னுடைய அத்திமரத்தை ஒவ்வொரு குளிர்காலமும் வளைத்துக் கட்டி, மண்ணும் பலகையும் போட்டு மூடி, வெயில் வந்ததும் தோண்டி எடுப்பவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கிணற்றடி மாதுளை கண்முன் வந்து நிற்கும். நான் போகப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

முகவர் விடயத்துக்கு வருகிறேன். இங்கே விற்பவருக்கு ஒரு முகவர் இருப்பதுபோல வாங்குபவருக்கும் தனியாக ஒருவர் இருக்கலாம். விற்பவரின் முகவர் எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும், விற்பவருக்கு நல்ல விலை பெற்றுக்கொடுப்பதே அவருடைய கடமை. நேரே அவரிடமே போனால் தரகுக் கூலியில் ஏதாவது மிச்சம் பிடிக்கலாம் என்று பெரியவன் சொன்னான். ஆனால் இரு பக்கத்துக்கும் ஒருவரே நிற்பதானால் இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும்; சம்மதித்தபிறகு, வீட்டுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று அவர் எனக்கு ஆலோசனை சொல்ல முடியாது. எனக்குத் தேவையானதே அந்த ஆலோசனைதான். குஞ்சியம்மாவின் மருமகனும் இதே தொழில் செய்கிறார், அவரைக் கூப்பிடவில்லை என்று குஞ்சியம்மாவுக்கு மனத்தாங்கல் என்பதும் எனக்குத் தெரியும். உறவுக்காரரிடம் வரவுசெலவு முழுவதையும் விரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோச் சட்டப்படி, முகவர் வேலை தொடங்குமுன், வீட்டு முகவர்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறைச் சபையின் வழிகாட்டிக் கைந்நூலைத் தந்து விளக்கவேண்டும். நான் அமர்த்திய பெண்மணி அதை என் குசினி மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார். வாங்குபவரின் முகவருக்குரிய கூலியை வழமையாக விற்பவர் பக்கமே கொடுக்கிறது. அது குறைந்தால் மிகுதியை நான் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டு, ஒப்பந்தக் காலத்தை மூன்று மாதத்துக்குக் குறைத்த பின்னரே கையெழுத்து வைத்தேன்.

அவர் முதலில் கேட்டது விலையை அல்ல. முழங்கால் எப்படி, சுவாமிப் படங்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள், பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள் என்று கேட்டார். அத்தானின் சாய்கதிரையை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டார். பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குப் போகிறவருக்கு எது விட்டுப்போகும், எது விட்டுப்போகாது என்பதை அறிந்தவர்.

பார்த்த தொடர்மாடிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளிச்சம் நன்றாயிருந்தது, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணமும் குறைவு. அவர் குசினித் தொட்டியின் கீழ்க் கதவைத் திறந்து, குனிந்து, கைவிளக்கை அடித்துப் பார்த்தார். செம்மஞ்சளும் நீலமுமான இரண்டு குழாய்கள் தெரிந்தன. அவை 'கிடெக்' என்னும் வகை. 1995க்கும் 2007க்கும் இடையில் விற்கப்பட்டவை, பொருத்துகள் அரித்து வெடிப்பதால் முழு வீட்டுக்கும் மாற்றவேண்டிவரும் என்றார். பின்பு கட்டடத்தின் பண நிலைமையைக் காட்டும் 'ஸ்டேட்டஸ் சேர்டிபிகேற்' என்ற சான்றிதழையும் கேட்டு எடுத்தார். அதற்கு 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது, 10 நாளுக்குள் கொடுக்கவேண்டும். சட்டத்தரணி அதைப் படித்துவிட்டு, பெரிய திருத்தவேலைகளுக்கென்று கட்டடம் சேர்க்கும் சேமநிதியில் போதிய பணம் இல்லை, வாகனத் தரிப்பிடத்தைத் திருத்த எல்லா வீட்டாரிடமும் தனியாகப் பணம் அறவிடப் போகிறார்கள் என்றார். கட்டணம் ஏன் குறைவாயிருந்தது என்பது அப்போது தெரிந்தது. இப்படி ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாயிருந்த வீட்டை வாங்க ஒப்பமிட்டபின் மனம் மாறித் திரும்பிவரச் சட்டத்தில் அவகாசம் இல்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம் தம்பி.

இப்போது ஏஜாக்ஸ் பக்கம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ரொறன்ரோவுக்குள் வாங்கினால் மாகாணத்துக்கும் மாநகருக்கும் இரண்டு தரம் காணி மாற்று வரி, அங்கே ஒன்றுதான். என்னுடைய வீடு விலைப்பட்ட பின்புதான் கையெழுத்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். குசினி சிறிது. ஒடியற்கூழ் காய்ச்ச இடம் காணும், ஆனால் சுற்றியிருந்து குடிக்க ஆட்கள் வேண்டும். மழைநாளில் அம்மா பெரிய பானையில் காய்ச்சி, பிலாவிலை கோலி எல்லோருக்கும் வார்த்தது இரண்டு மூன்று நாளாக நினைவிலேயே நிற்கிறது. அந்தத் திண்ணையில் ஒரு பொழுது இருந்துவிட்டு வந்தால் போதும் போலிருக்கிறது.

இங்கே இவ்வளவு பார்த்துச் செய்வதனால்தான், ஊரில் தெற்குக் காணியை விற்கும் விடயத்தை நீ இரண்டு வரியில் எழுதி முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்க வருபவர் தன்னுடைய நொத்தாரிசைக் கொண்டே உறுதி எழுதுவிக்கட்டும், அது வழக்கம். ஆனால் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்து, எழுதும் உறுதியை முதலில் அவரிடம் காட்டு. அம்மாவின் சீதன உறுதியில் சின்னக்காவுக்கும் பங்கு இருக்கிறது; எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும், ஆகவே அவவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கு. கிணற்றுப் பங்கும் ஒழுங்கையும் யாருக்கு என்பதை நில அளவையாளர் படத்தில் காட்டட்டும். எனக்குப் பதிலாக நீ ஒப்பமிட என்னுடைய அற்றோர்ணித் தத்துவம் வேண்டுமானால் இங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்புவேன், ஆனால் உறுதியின் பிரதியைப் பார்த்த பிறகுதான். அதைப் படமெடுத்துப் பெரியவனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. சின்னக்காவோடு நானே ஞாயிற்றுக்கிழமை கதைக்கிறேன். அதுவரை முற்பணம் எதுவும் வாங்காதே.

அன்புடன்,
அக்கா