மதிப்பெண் போட்டது யார்?

அன்புள்ள பாப்பா,

நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. வாடிக்கையாளரிடம் பேசும்போது உன் குரல் சிரித்த மாதிரி இருந்ததா என்று கணினி மதிப்பெண் போடுகிறதாம், குறைந்தால் அலவன்சில் கை வைக்கிறார்களாம். ஏன் குறைந்தது என்று கேட்டால் “சிஸ்டம் போட்டது” என்கிறார்களாம். எனக்குப் பயமே அந்தப் பதில்தான்.

இங்கே ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் செம்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழும்புகின்றன. நம் ஊர் ஒய்டிஎல் நிறுவனம் 2023 டிசம்பரில், கணினிச் சில்லு செய்யும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவோடு சேர்ந்து அறிவித்த செயற்கை நுண்ணறிவுத் திட்டமும் இங்கேதான். கடைத்தெருவில் பேச்சு முழுக்க, இயந்திரத்துக்குப் புத்தி வந்து மனிதனை ஆட்டிவைக்கும் என்பதுதான். அதைத் தள்ளிவிடவும் முடியாது. அந்தத் துறையை வளர்த்த ஜெஃப்ரி ஹிண்டனே 2023இல் கூகுள் வேலையை விட்டுவிட்டு அபாயத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் உன் சம்பளத்தில் இன்றைக்கே கை வைத்துவிட்டார்களே!

உன் தாத்தா காலத்திலும் கண்காணிப்புக்குக் குறைவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த 1948 அவசரகாலத்தில் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்று ஆள் கணக்கு எடுப்பார்கள், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் கூலி. ரப்பர் பாலை அளக்கும் கொட்டகையில், கணக்கு எழுதும் கிராணி, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை வாளிக்குள் மிதக்கவிட்டு எண்ணைப் படிப்பார். தாத்தா குனிந்து, நுரையை விரலால் ஒதுக்கி, தானும் அந்த எண்ணைப் பார்ப்பார். சரியில்லை என்று பட்டால், “இன்னொரு தரம் அளங்க கிராணியாரே” என்பார். சில நாள் அளப்பார், சில நாள் திட்டுவார். ஆனால் எதிரே முகம் தெரிந்த ஆள் நின்றார். 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு, மேலே கொண்டுபோகவும் வழி இருந்தது.

உனக்கும் அப்படி முகம் தெரிந்த ஆள் வேண்டும் பாப்பா. நம் மலேசிய நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010இல் போட்டது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது, அது பெரிய ஓட்டை. ஆனால் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் விவரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையிடத்தில் ஆளின் உணர்ச்சியைக் கணினியால் கணிப்பதையே 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. இங்கேயும் அது வரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

வாயால் கேட்காதே, எழுதிக் கேள். எந்த அழைப்புக்கு எவ்வளவு போட்டது, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, அவர் பெயர் என்ன என்று கேள். தனியாகக் கேட்காதே, உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும். கொடுக்குமுன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, நானும் ஒரு தரம் படித்துப் பார்க்கிறேன்.

அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு பினாங்கிலிருந்து பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

அப்பா