வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பள்ளிக்கூட மன்றங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும், அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து பார்க்கிற வானவில் மன்றமும் நடப்பதையும், பட்டிதொட்டிப் பிள்ளைகள் மாநில மேடை வரை ஏறுவதையும் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருந்தார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மன்றம் என்றாலே போட்டி, போட்டி என்றாலே பரிசு என்ற நினைப்பு கட்டுரை நெடுகிலும் இருக்கிறது. நாங்கள் படித்தபோது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றம் நடந்த விதம் வேறு. அதை எழுதி வைக்காவிட்டால் எங்கள் தலைமுறையோடு போய்விடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டம் பிறந்த 1956-ல்தான் நான் ஹைஸ்கூலில் சேர்ந்தேன். ஜூனில் சேர்ந்தபோது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்காரர்கள். நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் பள்ளி கல்குளம் தாலுகாவில். இரணியல் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், பனையேறிகளின் பிள்ளைகள், மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம் பக்கமிருந்து நடந்தே வரும் கடற்கரைப் பையன்கள், ரோட்டோரக் கடைக்காரர் மக்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்தோம். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். அதனால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் அசெம்பிளியைச் சொல்கிறேன். இப்போது தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஒழுங்கு இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாக்களில் பாட வேண்டும் என்ற ஆணை 1970-ல் வந்தது. உறுதிமொழியும் 1965-க்குப் பிறகு வந்ததே. எங்கள் காலத்தில் இறைவணக்கம் ஒன்று, கடைசியில் நாட்டுப்பண் ஒன்று. நடுவில் இருக்கிற நேரத்தை நிரப்புவது வாரத்துக்கு ஒரு வகுப்பின் பொறுப்பு. யார் நன்றாகப் பேசுவார் என்று பார்த்து ஆளெடுக்கும் வழக்கமே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசைதான். இன்று குறள் சொன்னவன் அடுத்த முறை செய்தி வாசிக்க வேண்டும், அதற்கடுத்த முறை ஏதாவது ஒரு பொருளைப் பற்றித் தானாகப் பேச வேண்டும். திக்கிப் பேசுகிறவனுக்கும் விலக்கு கிடையாது. அவனுக்காக முன்னூறு பிள்ளைகளும் வாய்மூடிக் காத்திருப்பார்கள். சிரித்தவனுக்குத்தான் அடி விழும்.

செய்தி வாசிப்பது லேசான வேலை அல்ல. பத்திரிகையைப் பார்த்து அப்படியே வாசிக்க விடமாட்டார்கள். முந்தின நாள் படித்ததை நாலு வாக்கியத்தில் சொந்தமாக எழுதிக் கொண்டுவர வேண்டும். தென் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்காக 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1957-ல் திருநெல்வேலிக்கு மாறிய தினமலரைத்தான் எங்கள் ஊர் டீக்கடையில் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவே ஒரு துணிச்சல் வேண்டும். 1957 அக்டோபரில் ரஷ்யர்கள் ஸ்புட்னிக் விட்ட செய்தியை ஒரு நெசவாளர் மகன் அசெம்பிளியில் சொன்னபோது, அந்தப் பெயரை உச்சரிக்க அவன் பட்ட பாடு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. அன்று சாயங்காலம் ஊரில் பாதிப் பேருக்கு அவன் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் நயா பைசா வந்தது. பெரியவர்களுக்கே தலை சுற்றிய சமாச்சாரம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று பழகிய கைக்கு, நூறு நயா பைசா என்றால் எப்படிப் பிடிபடும்? பழைய அணாவும் செல்லும், புதுக் காசும் செல்லும். ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஆறாறாகக் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவராது. பள்ளி திறந்ததும் கணக்கு மன்றத்தார் இதை ஒரு சின்ன நாடகமாக அசெம்பிளியில் போட்டார்கள். திங்கள்சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் கிழவியாக ஒரு பெரிய வகுப்புப் பையன் முண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19, அந்த ஒரு நயா பைசா எங்கே போச்சு என்று கிழவி கேட்கிற கேள்விதான் நாடகம். பதிலைக் கணக்கு சார் சொல்லவில்லை. ஓரணா என்பது உண்மையில் ஆறேகால் நயா பைசா, கால் பைசா கொடுக்க முடியாததால் தள்ளுகிறார்கள், மூன்றணாவில் சேரும் முக்காலை ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்று இன்னொரு மாணவன் கரும்பலகையில் போட்டுக் காட்டினான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு அதை விளக்காத பிள்ளை எங்கள் பள்ளியில் இருந்திருக்க முடியாது.

இனி வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட். தமிழ் மன்றம், அறிவியல் மன்றம், கணக்கு மன்றம், சரித்திர மன்றம் என்று வாரம் ஒன்றாகச் சுற்றி வரும். ஆசிரியர் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். செயலாளர் ஒரு மாணவர், அதுவும் கையுயர்த்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தலைவரை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பிறகு போன கூட்டத்து நடவடிக்கையை மினிட்ஸ் புத்தகத்திலிருந்து செயலாளர் வாசிப்பார். "திருத்தம் உண்டா?" என்று தலைவர் கேட்பார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாராவது எழுந்தால், அந்த வரியை அடித்து, மேலே சரியாக எழுதி, அவன் முன்னாலேயே தலைவர் கையெழுத்துப் போடுவார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு, தான் சொன்னது எழுத்தில் ஏறுகிறது, தப்பாக ஏறினால் திருத்தக் கேட்கலாம் என்று தெரிவது எவ்வளவு பெரிய காரியம்! பின்னாளில் பஞ்சாயத்துக் கூட்டத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் வகுப்பில் பலர். அந்தப் பழக்கம் இங்கிருந்துதான் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடற்கரையிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. கணக்கில் எப்போதும் கடைசி, வகுப்பில் பேச்சே கிடையாது. அறிவியல் மன்றத்தில் அவன் முறை வந்தது. எழுந்து நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். பின்பெஞ்சிலிருந்து சார் சொன்னார்: "பொஸ்தகத்துல உள்ளது வேண்டாம் மக்களே. ஒனக்க அப்பா கடல்ல என்ன செய்வாரு, அதச் சொல்லு. நமக்க பேச்சுலயே சொல்லு." அவன் சாக்பீஸை எடுத்துக் கரையை ஒரு கோடாகப் போட்டான். கரைக்குப் பின்னால் வேளிமலை, கரையில் மாதா கோயில் கோபுரம். கட்டுமரத்தில் இருந்து பார்க்கும்போது மலையின் ஒரு முனையும் கோபுரமும் ஒன்றுக்கு நேராக ஒன்று வர வேண்டும், அது ஒரு கோடு. இந்தப் பக்கம் முட்டத்துக் கலங்கரை விளக்கும் அதன் பின்னால் தெரியும் இன்னொரு மேடும் நேராக வர வேண்டும், அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கிறது, மீன் அங்கேதான் அடையும், இதற்குக் கணியம் என்று பெயர் என்றான். அடையாளமே இல்லாத கடலில், அளவுகோல் இல்லாமல், மறுநாளும் மறு வருஷமும் அதே இடத்துக்குப் போய்ச் சேருகிற வித்தை. வகுப்பு மூச்சு விடவில்லை. கணக்கு சாரை அழைத்து வந்து அந்தக் கரும்பலகையை மறுபடி காட்டினார்கள். திங்கட்கிழமை வரை அழிக்காமல் வைத்திருந்து, அதை வைத்தே ஜியாமெட்ரி பாடம் நடத்தினார் அவர். அந்த வாரம் முதல் கடற்கரைப் பையன்கள் முன்பெஞ்சுக்கு வந்தார்கள்.

போட்டி என்று வைத்திருந்தால் அவன் பெயரை யாரும் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெண் பிள்ளைகள் குறைவு, அவர்களைப் பாட்டுக்கு நிறுத்துவார்களே தவிர விவாதத்துக்கு நிறுத்த மாட்டார்கள். தாமதமாக வந்தவர்களை அசெம்பிளி முடியும் வரை வெயிலில் முட்டுக்கால் போட வைத்தார்கள். அதெல்லாம் போனது நல்லதே.

இன்று நடப்பது என்ன? ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் ஆண்டு விழாவுக்கும் இலக்கிய மன்றத் தொடக்கத்துக்கும் என்னை அழைக்கிறார்கள். போகிற இடமெல்லாம் பேச்சுக்கு, கவிதைக்கு, வினாடி வினாவுக்கு என்று அதே நாலைந்து பிள்ளைகள் மாறி மாறி மேடைக்கு வருகிறார்கள். எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார்கள். மற்றவர்கள் கைதட்ட உட்கார வைக்கப்பட்டவர்கள். பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு என்று ஏறிப் போகவேண்டியிருப்பதால் ஆசிரியர்களும் வெல்லக்கூடிய பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மன்ற நேரம் கால அட்டவணையில் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு அதை விழுங்கிவிடுகிறது.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். போட்டிகள் நடக்கட்டும். அதற்கு வெளியே, பரிசில்லாத, படம் எடுத்து அனுப்பத் தேவையில்லாத ஒரு பீரியடை வாரத்துக்கு ஒருமுறை ஆறாம் வகுப்பு முதலே மாணவர்கள் கையில் கொடுங்கள். வரிசை எண் பிரகாரம் எல்லோரும் எழுந்து பேசட்டும். நடவடிக்கைக் குறிப்பை அவர்களே எழுதட்டும். இதற்குத் தனியாகப் பணம் ஒன்றும் வேண்டாம், ஒரு நீள நோட்டுப் போதும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று. நம் மாவட்டத்தில் நூறாண்டு கண்ட பள்ளிகள் பல. நினைவு வளைவும் கலையரங்கமும் கட்டுகிறீர்கள், நல்லது. அதற்கு முன் பழைய அலமாரிகளைத் திறந்து பாருங்கள். மன்ற மினிட்ஸ் புத்தகங்கள், மாணவர்கள் படம் வரைந்து தைத்த கையெழுத்துப் பத்திரிகைகள் கரையானுக்குத் தப்பி எங்காவது கிடக்கும். எடைக்குப் போடுவதற்குள் அவற்றை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் சேருங்கள். அப்படி ஏதேனும் கையிலிருக்கும் வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதினால், தாங்கள் இடம் கொடுத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வில்லுக்குறி, குமரி மாவட்டம்.