வரைபடம் இல்லாத புதையல் தீவு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலுக்கு வந்திருக்கும் புதிய தமிழாக்கத்தைப் பற்றிய மதிப்புரையைப் படித்தேன். மொழிபெயர்ப்பு தங்குதடையில்லாமல் ஓடுகிறது என்று மதிப்புரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. நானும் வாங்கி இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஆனால் கடைசிப் பத்தியில், மூலத்தில் உள்ள வரைபடம் இந்தப் பதிப்பில் இல்லை என்றும், அது சிறுவர்களுக்கான அலங்காரம்தான் என்பதால் பெரிய இழப்பில்லை என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். முப்பத்து நான்கு வருஷம் சங்கிலியும் புலப்படமுமாக வயல் வரப்பில் அலைந்த சர்வேயர் நான். அந்த ஒரு வரியை விட்டுவிட மனசு வரவில்லை.

கதை எழுதி முடித்த பிறகு படம் போட்டார்கள் என்று மதிப்புரையாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நடந்தது தலைகீழ். 1881 கோடைகாலம், ஸ்காட்லாந்தில் பிரேமர் என்னும் ஊர். வெளியே மழை. வீட்டுக்குள் ஸ்டீவன்சனின் மனைவியுடைய மகன் லாய்ட், பள்ளிக்கூடப் பையன், வர்ணம் குழைத்துப் படம் போட்டுக்கொண்டிருக்கிறான். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா ஒரு தீவை வரைகிறார், வர்ணம் தீட்டுகிறார், பெயர் வைக்கிறார். வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் கத்தியும் கையுமாக எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள் என்கிறார். அடுத்து அவர் கையில் எடுத்தது அத்தியாயப் பட்டியல் எழுதுவதற்கான தாள். இதையெல்லாம் 1894-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார்.

நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதினைந்து நாள் ஓடிய பேனா, பதினாறாவதில் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் குளிர்காலத்தில் முடித்தார். அதற்குள் 1881 அக்டோபரிலிருந்தே 'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் வார இதழில் தொடர் வர ஆரம்பித்துவிட்டது, கேப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயரில். 1883-இல் காசல் நிறுவனம் நூறு பவுன் கொடுத்துப் புத்தகமாகப் போட்டது.

என் தொழில் சம்பந்தப்பட்ட கூத்து இங்கேதான். கையெழுத்துப் பிரதியோடு படத்தையும் காசலுக்கு அனுப்பினார். அச்சுப்படி திரும்பி வந்தது, படத்தைக் காணோம். கேட்டால், எங்களுக்கு வரவே இல்லை என்று பதில். மனுஷன் என்ன செய்வார்? தம் புத்தகத்தைத் தாமே முதலிலிருந்து படித்து, எந்த மலை எங்கே, எந்தக் கரை எத்தனை மைல் என்று குறிப்பெடுத்து, கவராயம் வைத்து அளந்து, எழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொரு படம் போட வேண்டியதாயிற்று. நில விவரங்களை எழுத்தில் மட்டும் வைத்திருக்கும் பழைய அடங்கல் ஒன்றைக் கையில் கொடுத்து ஊர்ப்படம் போடச் சொல்வது போன்ற வேலை அது. வரைந்த இடம் அவர் அப்பாவின் அலுவலகம். அப்பா தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். தாத்தாவும் அதே தொழில். கதையில் புதையலைப் புதைத்து வைத்த கடற்கொள்ளைக்காரன் ஃப்ளின்டின் கையெழுத்தை அந்தப் படத்தில் போட்டவரும் அப்பாதான். அரசாங்கப் பொறியியல் வேலை பார்த்த கை கள்ளக் கையெழுத்துப் போட்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் மகனுக்கு மனசு ஆறவில்லை. தொலைந்துபோன முதல் படம்தான் தனக்குப் புதையல் தீவு, இது இல்லை என்று எழுதியிருக்கிறார். அலங்காரத்துக்கா ஒருத்தர் இத்தனை பாடுபட்டு, இத்தனை வருத்தப்படுவார்?

படம் இல்லாததைவிட எனக்கு அதிகம் வலித்தது, தமிழாக்கத்தில் திசைகளுக்கு நேர்ந்த கதி. ஃப்ளின்ட் எழுதி வைத்த குறிப்பு, ஸ்பைகிளாஸ் மலைத் தோளில் உள்ள உயர்ந்த மரம், வட-வடகிழக்கிலிருந்து ஒரு பாயின்ட் வடக்கே தள்ளி என்கிறது. மாலுமிகளின் திசைகாட்டியில் வட்டம் முப்பத்திரண்டு பாயின்ட். ஒரு பாயின்ட் என்பது பதினொன்றே கால் டிகிரி. வட-வடகிழக்கு இருபத்திரண்டரை டிகிரி. அதிலிருந்து ஒரு பாயின்டைக் கழித்தால் வடக்கிலிருந்து பதினொன்றே கால். இந்தத் தமிழ்ப் பதிப்பில் இது 'வடகிழக்கே உயர்ந்த மரம்' என்று இருக்கிறது. வடகிழக்கு என்றால் நாற்பத்தைந்து டிகிரி. இதை நம்பி ஒரு மைல் நடந்தால், போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் தள்ளி நிற்போம். ஒரு லிங்க், அதாவது அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி, வித்தியாசத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதை நேரில் பார்த்தவன் நான்.

துல்லியம் அங்கே வீண் ஜம்பமும் இல்லை. மேட்டில் பைன் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அதில் ஃப்ளின்டின் மரம் எது என்பதை அந்த இடத்தில் நின்று திசைகாட்டி பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று நாவலே சொல்கிறது. வழியில் ஒரு எலும்புக்கூடு நீட்டி நிமிர்ந்து கிடக்கிறதே, அது கிடக்கிற நேர்கோடும், குறிப்பில் பக்கத்து எலும்புக்கூட்டுத் தீவுக்கு எழுதிய திசைதான். செத்தவனையே அளவைக் கல்லாக நட்டுவிட்டுப் போயிருக்கிறான் ஃப்ளின்ட். திசையை மழுப்பிவிட்டால் அந்தப் பக்கத்தில் வெறும் எலும்புக்கூடுதான் மிஞ்சும், திகில் போய்விடும்.

நகல் விவகாரம் இன்னொன்று. கப்பலில், புதையல்மேல் கண் வைத்திருக்கும் கொள்ளைக்காரன் ஒற்றைக்கால் சில்வரிடம் கேப்டன் ஒரு படத்தைக் காட்டுவார். ஆவலாக வாங்கிப் பார்ப்பான் சில்வர். மலை உயரம், கடல் ஆழம், பெயர் எல்லாம் சரியாக இருக்கும். சிவப்புச் சிலுவைக் குறிகளும் கைக்குறிப்புகளும் மட்டும் இருக்காது. பிற்பாடு அசல் படமே அவன் கைக்கு வரும். அப்போது புதையல் அங்கே இருக்காது, தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் என்பவன் தோண்டித் தன் குகைக்குக் கொண்டுபோயிருப்பான். ரெக்கார்டில் ஒன்று, களத்தில் ஒன்று! தாலுகா ஆபீஸ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இந்த இரண்டு காட்சியையும் சிரிக்காமல் படிக்க முடியாது.

எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததும் படமில்லாத ஒரு சுருக்கப் பதிப்புதான். கணக்கு நோட்டின் பின்னட்டையில் நானே தீவை வரைந்தேன். ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கிற கொழுத்த டிராகன் மாதிரி என்று வாசகம் இருந்தது. டிராகனுக்கு எங்கே போவது? எங்கள் ஊர்த் தேரில் இருக்கும் யாளியை நிமிர்த்தி வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படமுள்ள ஆங்கிலப் பதிப்பு கைக்கு வந்தது. நான் மேற்குக் கரையில் ஒட்டவைத்திருந்த எலும்புக்கூட்டுத் தீவு தெற்கே நங்கூரத் துறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கதை சொல்லும் பையன் ஜிம் ஹாக்கின்ஸ் அடித்துவிட்டதாக ஒரு குறிப்பும் இருந்தது. முதல் பக்கத்திலேயே பையன் சொல்லிவிடுகிறானே, இன்னும் எடுக்காத புதையல் மிச்சம் இருப்பதால் தீவு இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்று! படமும் கதையும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் சாட்சி கலைந்துபோகும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆங்கில நாவலாசிரியர் ரைடர் ஹாகார்ட். புதையல் தீவில் பாதி அளவுக்காவது எழுதிக் காட்டுகிறேன் என்று அண்ணனிடம் பந்தயம் கட்டி 1885-இல் 'சாலமன் அரசரின் சுரங்கங்கள்' எழுதினார். அதிலும் கதையைத் தொடங்கி வைப்பது, ஒரு போர்த்துக்கீசியன் சாகும் தறுவாயில் துணியில் தன் ரத்தத்தால் வரைந்த படம்தான். அவர் சறுக்கியது வானத்தில். முதலில் சூரிய கிரகணம் என்று எழுதியிருந்தார். விவரித்த விதம் ஒத்துவரவில்லை என்று தெரிந்து பின்னால் சந்திர கிரகணமாக மாற்றினார். ஸ்டீவன்சனும் வேறொரு நாவலில் நிலவை வைத்துத் தடுக்கி விழுந்தவர்தான். அதற்குப் பிறகு பஞ்சாங்கம் இல்லாமல் எழுத உட்காருவதில்லை என்று அதே கட்டுரையில் சொல்கிறார். எங்கள் ஆச்சி கேட்டிருந்தால் அவரை மெச்சியிருப்பாள்.

பதிப்பாளருக்குச் செலவு என்று சொல்ல முடியாது. ஸ்டீவன்சன் போய் நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. படத்துக்கு யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் அச்சிலாவது ஒரு பக்கம் ஒதுக்கட்டும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. அளவுகோலை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். மூன்று மைல் அளவுகோல் அது.

என்னிடமுள்ள படத்தின் ஜெராக்ஸ் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உயர்ந்த மரத்துக்கான திசைக்கோட்டைப் பென்சிலால் போட்டிருக்கிறேன். வடமேற்கு மூலையில் இருக்கும் பழுப்பு வட்டம் டீ டம்ளர் வைத்தது, அதை யாரும் தோண்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
தென்காசி.