ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்: கோரி ஹெய்மை ஏன் விட்டீர்கள்?

ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் ஆளுநர் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

2011 பிப்ரவரி 27 அன்று கோடக் தியேட்டரில் நீங்கள் நடத்திய 83-வது விருது விழாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்பீர்கள். அன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது, அதே மாதிரி இனியும் நடக்கலாம், அதனால்தான். முந்தைய ஒரு வருடத்தில் மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியில் செலின் டியான் மேடையில் நின்று பாட, பின்னால் திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. டோனி கர்டிஸ் வந்தார், லெஸ்லி நீல்சன் வந்தார், டென்னிஸ் ஹாப்பர் வந்தார், லீனா ஹார்னுக்குத் தனியாகவே அஞ்சலி செலுத்தினீர்கள். ஆனால் 80-களின் இளம் நட்சத்திரமான நடிகர் கோரி ஹெய்ம் கடைசிவரை வரவில்லை.

அவகாசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஹெய்ம் இறந்தது 2010 மார்ச் 10. அதற்கு மூன்றே நாள் முன்பு, மார்ச் 7 அன்று, முந்தைய விழா இதே அரங்கில்தான் நடந்தது. அன்று இயக்குநர் ஜான் ஹியூஸுக்கு அஞ்சலி செலுத்த மாலி ரிங்வால்ட், மேத்யூ பிராடரிக், ஜட் நெல்சன் என்று 80-களின் இளம் நட்சத்திரங்களை வரிசையாக மேடையேற்றினீர்கள். அந்தக் காலத்துப் பதின்ம வயதுப் படங்களுக்கு ஹாலிவுட் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று நீங்களே ஊரறியச் சொன்ன மேடை அது. அடுத்த விழாவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது, ஹெய்ம் இறந்த செய்தியோ உலகம் முழுக்க ஓடியது. மறதியில் விட்டுப்போனது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதைப் படிக்கும் இளைஞர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1971 டிசம்பரில் டொரொண்டோவில் பிறந்தவர். கூச்ச சுபாவம் போகட்டும் என்று அம்மா நடிப்பு வகுப்பில் சேர்த்துவிட்ட பையன். கனடாவில் ஒரு தொலைக்காட்சித் தொடர், அப்புறம் 1984-இல் முதல் ஹாலிவுட் படம், அடுத்த வருடம் 'சில்வர் புல்லட்'டில் சக்கர நாற்காலியில் வரும் சிறுவன். 1986-இல் 'லூகாஸ்', 1987-இல் 'தி லாஸ்ட் பாய்ஸ்', 1988-இல் 'லைசென்ஸ் டு டிரைவ்'. பதினாறு வயதில் பெண் பிள்ளைகளின் அறைச் சுவர்களில் அவர் படம்தான், பத்திரிகை அட்டைகளிலும் அவர்தான். கோரி ஃபெல்ட்மனோடு சேர்ந்து நடித்ததால் 'இரண்டு கோரிகள்' என்று ஒரு பட்டப்பெயர் வேறு.

ஆனால் அழகான முகம் என்பதற்காக மட்டும் நான் அவருக்காக வாதாட வரவில்லை. 'லூகாஸ்' படத்தை நீங்கள் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பூச்சி பிடிக்கும் வலையும் பெரிய மூக்குக் கண்ணாடியுமாக அலையும் ஒரு பொடியன், தன்னைவிட இரண்டு வயது பெரிய பெண்ணை நேசித்து, அவள் பார்வையில் படவேண்டும் என்பதற்காக அமெரிக்கக் கால்பந்து அணியில் போய்ச் சேர்ந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். குணமாகிப் பள்ளிக்குத் திரும்பும் நாளில் தன் அலமாரியைத் திறக்கிறான். உள்ளே அணி வீரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் மேலங்கி அவனுக்காகத் தொங்குகிறது. ஹெய்ம் அந்த இடத்தில் வசனமே பேசுவதில்லை. முதலில் இது தனக்குத்தானா என்று ஒரு சந்தேகம், யாரோ தன்னைக் கிண்டல் செய்கிறார்களோ என்று ஒரு பயம், பிறகு தன்னைச் சீண்டியவனே கைதட்ட ஆரம்பித்ததும் மெல்ல மெல்ல முகம் முழுக்கப் பரவும் சிரிப்பு. பதினான்கு வயதுக்குள் அதைச் செய்து காட்டியிருக்கிறார், அதுவும் அழுதுவிடாமல், மிகைப்படுத்தாமல். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்போதே அந்த நடிப்பைப் பாராட்டி, இதே மாதிரி நடித்துக்கொண்டிருந்தால் இந்தப் பையன் பாதி மறக்கப்பட்ட குழந்தை நட்சத்திரமாக முடியமாட்டான், முக்கியமான நடிகனாக வளர்வான் என்று எழுதினார்.

அந்தக் கணிப்பு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஹெய்மை மட்டும் காரணம் காட்டுவது எல்லோருக்கும் வசதி. 'தி லாஸ்ட் பாய்ஸ்' படப்பிடிப்பின்போதுதான் முதன்முதலாகக் கஞ்சா புகைத்ததாக அவரே பிற்பாடு சொன்னார். அப்போது அவர் வயது 14. சுற்றிலும் பெரியவர்கள் நிறைந்த, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு கணக்குப் பார்க்கிற ஓர் இடத்தில், ஒரு பள்ளிக்கூடப் பையன் என்ன செய்கிறான் என்று பார்க்க ஆள் இல்லை. தன் சிறு வயதில் வயது வந்த ஓர் ஆளால் பாலியல் கொடுமைக்கு ஆளானதையும் 2008-இல் தொலைக்காட்சியிலேயே சொன்னார். அது யார் என்று ஊகங்களை அள்ளி வீசுவது என் வேலை அல்ல, அதற்காக யாரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவும் இல்லை. நான் கேட்பதெல்லாம், அந்தப் பையனின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியைத்தான்.

90-களில் வாய்ப்புகள் சுருங்கின, திரையரங்குக்கே வராமல் நேராக வீடியோ கடைக்குப் போகும் படங்கள்தான் மிஞ்சின. போதை மருந்து, சிகிச்சை, மறுபடியும் போதை மருந்து. 1997-இல் திவால் மனு கொடுத்தபோது அவர் காட்டிய சொத்துக் கணக்கில் 1987-ஆம் வருட மாடல் பிஎம்டபிள்யூ கார் ஒன்றும், கையில் 100 டாலரும், 750 டாலர் மதிப்புள்ள துணிமணியும் இருந்தன. அவர் படங்கள் கொண்டுவந்த லாபம் எங்கெங்கோ பத்திரமாகத்தான் இருக்கிறது. கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டுவிட்டு இலையில் ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலிப்பது 2008-இல் நடந்தது. சினிமாக்காரர்கள் எல்லோரும் படிக்கும் 'வெரைட்டி' பத்திரிகையில் ஹெய்ம் ஒரு விளம்பரம் கொடுத்தார். இது விளம்பரத் தந்திரம் இல்லை, நான் திரும்பி வந்துவிட்டேன், வேலை செய்யத் தயார், செய்த தவறுகளுக்கு ஈடு செய்யவும் தயார் என்பதுதான் அதன் சாரம். ஒரு காலத்தில் தன் பெயரைச் சொல்லியே சீட்டு விற்றவர்களிடம், காசு கட்டி இடம் வாங்கி, பொதுவில் வேலை கேட்டிருக்கிறார். உங்களுடைய உறுப்பினர்களில் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், நடிகர் தேர்வு செய்பவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோர் மேஜைக்கு வரும் பத்திரிகை அது. 'தி லாஸ்ட் பாய்ஸ்' இரண்டாம் பாகத்தில் கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் சின்னக் காட்சி, 2009-இல் ஒரு சண்டைப் படத்தில் துணைப் பாத்திரம், பெயர் தெரியாத சில சின்னப் படங்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்து அவர் சாவு. கலிஃபோர்னியாவில் மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த தன் அம்மாவோடு, அவரைக் கவனித்தபடி வாழ்ந்துகொண்டிருந்தார். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிர் பிரிந்தபோது வயது 38. உடனே எல்லோரும் எழுதியது அளவுக்கு மீறிய போதை மருந்து என்று. பல மருத்துவர்களிடம் மாறி மாறி மருந்துச் சீட்டு வாங்கியிருந்தார், அது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை சில வாரம் கழித்து வந்தபோது, நிமோனியாவும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்த இதயமும்தான் காரணம், உடலில் இருந்த மருந்தின் அளவு சாவுக்குக் காரணமாகும் அளவு இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? முதல் நாள் தலைப்புதான் இன்றுவரை நிற்கிறது. நீங்களும் அந்தத் தலைப்பை வைத்துத்தான் முடிவெடுத்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒருவேளை வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்றால், அதே வரிசையில் டென்னிஸ் ஹாப்பர் இருந்ததை யோசித்துப் பாருங்கள். குடியும் போதையும் அவரைப் பல வருடம் ஆட்டிப் படைத்தன, அவரே வெளிப்படையாகப் பேசியதுதான். 1986-இல், தன் ஐம்பதாவது வயதில் அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ் கிடைத்தது, நீங்களும் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தீர்கள், இறந்தபோது அவர் செய்த வேலையை வைத்து நினைவுகூர்ந்தீர்கள். நூற்றுக்கு நூறு சரி. அதே 1986-இல் 'லூகாஸ்' வெளிவந்தபோது ஹெய்முக்கு ஐம்பது வயது ஆக இன்னும் 35 வருடம் பாக்கி இருந்தது. ஹாப்பருக்குப் பொருந்திய அளவுகோல் இந்தப் பையனுக்கு ஏன் பொருந்தாமல் போனது?

அவர் ஒருவர் மட்டும் என்றால்கூட மனம் ஆறிவிடும். 2008 விழாவில் பிராட் ரென்ஃப்ரோவையும் இப்படித்தான் விட்டீர்கள். டென்னசி மாநிலத்தில் பாட்டி வளர்த்த பையன், நடிப்பு அனுபவமே இல்லாமல் 'தி கிளையன்ட்' படத்தில் சூசன் சரண்டனுக்கு ஈடுகொடுத்து நடித்தவன், 25 வயதில் ஹெராயினால் இறந்தான். ஒரு வாரம் கழித்து இறந்த ஹீத் லெட்ஜருக்கு இடம் இருந்தது, இவனுக்கு இல்லை. எல்லோரையும் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. அதற்கும் முன்னால் பாபி டிரிஸ்கால் கதை. 1950-இல் சிறந்த இளம் நடிகன் என்று குட்டி ஆஸ்கர் சிலையை அவன் கையில் கொடுத்தவர்களே நீங்கள்தான். 'பீட்டர் பான்' படத்துக்குக் குரல் கொடுத்த சில காலத்தில், முகத்தில் பரு வரும் வயது வந்ததும், ஸ்டூடியோ ஒப்பந்தம் முடிந்துபோனது. 1968-இல் நியூயார்க்கில் பாழடைந்த கட்டடம் ஒன்றில் அவன் உடல் கிடைத்தது. யாரென்று தெரியாமல் ஹார்ட் தீவின் ஏழைகள் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் தாய் தேடி வந்து, கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அது அவன் என்றே தெரிந்தது. வயது 31.

இன்னொன்று. 2011-இல் செலின் டியான் பாடிய பாட்டின் மெட்டு சார்லி சாப்ளின் போட்டது. அதே சாப்ளின்தான் 1921-இல் 'தி கிட்' படத்தில் ஜாக்கி கூகன் என்ற சிறுவனை உலகப் புகழ் பெறவைத்தார். கூகன் வளர்ந்து பெரியவனாகிக் கேட்டபோது, சம்பாதித்த முப்பது நாற்பது லட்சம் டாலரும் கரைந்துபோயிருந்தது. வழக்குப் போட்டுக் கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டாலர். 1939-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த கூகன் சட்டம் அதன் விளைவுதான், அதிலும் ஏகப்பட்ட ஓட்டை. நீதிமன்றத்துக்குப் போன ஒப்பந்தங்களுக்குத்தான் அது செல்லும், மற்றபடி பிள்ளையின் சம்பளம் சட்டப்படி பெற்றோருக்கே சொந்தம். 2000-இல்தான் அதை மாற்றி, 15 சதவீதத்தைக் கட்டாயம் பிள்ளையின் பெயரில் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஹெய்ம் உச்சத்தில் இருந்தபோது இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் குடும்பத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, குழந்தைகளை வைத்துப் பிழைக்கும் ஒரு தொழில் எவ்வளவு மெதுவாகத்தான் அசைகிறது என்பதைக் காட்டச் சொல்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நினைவஞ்சலிக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற விதியை வெளிப்படையாக எழுதி வையுங்கள், நடத்தைச் சான்றிதழ் அதில் ஒரு தகுதியாக இருக்கவே கூடாது. 2021-இல் திறந்த உங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தை நடிகர்களின் உழைப்புக்கென்று ஓர் அறை ஒதுக்குங்கள். வெற்றிக்கதைகளோடு கூகன், டிரிஸ்கால், ரென்ஃப்ரோ, ஹெய்ம் ஆகியோரின் கதையும் உள்ளபடியே அங்கே இருக்கட்டும்.

ஆனால் உங்களால் மட்டுமே முடிந்த பெரிய காரியம் வேறொன்று. 1938-இல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், குழந்தைத் தொழில் விதிகளிலிருந்து நடிக்கும் பிள்ளைகளுக்கு விலக்கு அளித்துவிட்டது, அதனால் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதி. கலிஃபோர்னியாவில் படப்பிடிப்புக் களத்தில் இருக்கும் ஆசிரியருக்கு, 16 வயதுக்கு உட்பட்டவர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உண்டு. செலவு குறைவு என்று படப்பிடிப்பை வேறு ஊருக்கு மாற்றினால் அதே அளவு காவல் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் விதிக்கோ எல்லை கிடையாது. சிறந்த படத்துக்குப் போட்டியிட வேண்டுமானால் பிரதிநிதித்துவ நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்று 2020-இல் அறிவித்து, 2024 விழாவில் நடைமுறைக்கும் கொண்டுவந்தீர்கள். அதோடு இன்னொரு நிபந்தனையைச் சேருங்கள்: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் நடித்த படம் என்றால், அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு அவர்கள் பெயரிலேயே போடப்பட்டதற்கும், தயாரிப்பாளருக்கோ இயக்குநருக்கோ கட்டுப்படாத ஒரு பாதுகாவலர் களத்தில் இருந்ததற்கும் ஆதாரம் தர வேண்டும். படம் எங்கே எடுக்கப்பட்டது என்பது பொருட்டே அல்ல. இதை எழுதும் குழுவில் குழந்தை நட்சத்திரமாக இருந்து வளர்ந்தவர்களை உட்கார வையுங்கள். அப்படி வளர்ந்த பால் பீட்டர்சன் 1990-இலேயே இதற்காக ஓர் அமைப்பு தொடங்கி வேலை செய்துகொண்டிருந்தவர், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஹெய்முக்கு 2011-இல் செய்யாததை அடுத்த விழாவில் செய்வதற்கு உங்கள் விதிகளில் தடை இருந்தால், அந்த விதியைத் திருத்தும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த ஆளுநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கோரிக்கைகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
'லூகாஸ்' பார்த்த நாளிலிருந்து கோரி ஹெய்மின் ரசிகன்