ஈச்சங்கீற்றுக் கொங்காணி

மணிலா

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. தாத்தா வீட்டை இடித்துத் தளம் போட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தாய். அந்தத் திண்ணையில் வளர்ந்தவனல்லவா நானும்! இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. அந்த மனசோடுதான் படானெஸ் போய் வந்தேன்.

பிலிப்பைன்ஸின் வடகோடி மாகாணம் அது. 10 தீவுகளில் 3இல்தான் ஆட்கள் இருக்கிறார்கள். புயல் வரும் வழியிலேயே கிடக்கிற ஊர். இவட்டான் மக்களின் வீடுகளுக்குச் சுவர் கல்லும் சுண்ணாம்பும். கனமே ஏறக்குறைய ஒரு மீட்டர். மேலே கோகோன் புல் வேய்ந்த தடித்த கூரை. இவானா ஊரில் 1887இல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. கூரை மாற்ற வேண்டுமென்றால் ஊரே திரண்டு வரும். கூலி கிடையாது, சாப்பாடுதான். நாளைக்கு அவர்கள் வீட்டு வேலைக்கு இந்த வீட்டுக்காரர் போவார். இந்த வழக்கத்துக்குப் பெயர் ‘யாரு’. அதே இவானாவில் ஆளில்லாத கடை ஒன்றும் உண்டு. எடுத்த பொருளுக்கு நாமே காசைப் பெட்டியில் போட வேண்டும்.

அடி உருண்ட ஃபலூவா படகில் சப்தாங் தீவுக்குப் போனேன். சவாயன் ஊரில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து ‘வாக்குல்’ செய்துகொண்டிருந்தார். பெண்கள் வெயிலுக்கும் மழைக்கும் தலையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகும் கொங்காணி. கீற்றை நார்நாராகக் கிழித்து, உச்சியிலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி இடுப்புவரை இறங்குகிறது. என் தலையிலும் கவிழ்த்தார். காய்ந்த இலை வாசம். உள்ளே வெயிலே தெரியவில்லை. அந்தக் கீற்றைத் தரும் ‘வொயவொய்’ மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் துடைப்பத்துக்கு அறுக்கிற ஈச்சையின் இனமேதான், மாப்ளே! இங்கே கூட்டுகிறோம், அங்கே தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

2019 ஜூலையில் அதே படானெஸின் இத்பாயாத் தீவில் விடியுமுன்னே நிலம் நடுங்கியது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். எத்தனையோ புயலைத் தாங்கிய கல்வீடுகள்தான் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன. அதன்பின் ஒருவர் சிமெண்டு வீடு கேட்டால் எந்த வாயால் வேண்டாம் என்பது? உன்னிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவன் நீ; நான் அல்ல.

திண்ணைத் தூண் இரண்டையும் மட்டும் விற்றுவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன். எங்கே நிறுத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம். அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

உன் அன்பு நண்பன்