கார்ட்டூனுக்கும் எழுத ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் டிஸ்னியின் 1991 கார்ட்டூன் படமான ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ பற்றி எழுதியிருந்தீர்கள். “கார்ட்டூனில் கதை தானாக நகர்ந்துவிடும், வரைபவரின் கைவண்ணம்தான் எல்லாம்” என்று ஒரு வரி. தானாக நகர்ந்த அந்தத் திரைக்கதையை எழுதியவர் லிண்டா உல்வர்டன். படத்தில் பேசும் டீக்கோப்பைக்கு ஒரு பத்தி ஒதுக்கியவர்களுக்கு அவர் பெயருக்கு இடமில்லை.

அவர் 1980களில் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களுக்கு எழுதி வந்தவர். தாங்கள் அறியாததா? 22 நிமிட அத்தியாயத்துக்கு முதலில் கதைக்கரு, அடுத்து காட்சிச் சுருக்கம், பிறகு முப்பது பக்க ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றுக்கும் சேனலின் திருத்தங்கள். “இருவரும் சண்டை போடுகிறார்கள்” என்று ஒரே வரியில் தப்பிக்க முடியாது. யார் எங்கே குதித்தார், எதில் இடித்தார் என்பது வரை எழுதாவிட்டால் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் முன்வரைவு, போடுபவர் தன் இஷ்டத்துக்கு நிரப்புவார், நேரம் எகிறும். பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டுவது, ஃபிரிட்ஜுக்குள் ஒளிவது என்று குழந்தைகள் பார்த்துச் செய்யக்கூடியதெல்லாம் வெட்டுப்படும். வெட்டிய இடத்தில் அதே சிரிப்பை வேறு வழியில் வரவைக்க வேண்டும். குரல்பதிவு முன்னால், படம் பின்னால் என்பதால், வரைந்தபின் வசனத்தைத் தொட்டால் வாயசைவும் போச்சு.

படத்தின் நாயகி பெல், தான் போக விரும்பும் ஊர்களை வரைபடத்தில் குண்டூசி குத்தி வைப்பதாக உல்வர்டன் எழுதினார். ஸ்டோரிபோர்டில் அவள் சமையலறையில் கேக் அலங்கரித்துக்கொண்டிருந்தாள்! அவர் மல்லுக்கட்டிய பிறகே அவள் கைக்குப் புத்தகம் வந்தது. உங்கள் கட்டுரையாளர் உருகியிருக்கும் ‘படித்தபடி தெருவில் நடக்கும் பெல்’ இவள்தான். கைவண்ணமாம்.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் அது. திரைக்கதைக்குப் பரிந்துரைகூட இல்லை. பணத்திலும் அதே கதை: அமெரிக்காவில் நடிகர்கள் நடிக்கும் படமென்றால் எழுத்தாளர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்பில் எழுதியவருக்குப் பங்கு உண்டு, அனிமேஷன் சங்க ஒப்பந்தத்தில் அது ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குப் போய்விடும். உல்வர்டன் எழுதி 2010இல் வெளிவந்த ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ நூறு கோடி டாலரைத் தாண்டியது. அப்போதும் நீங்கள் அதில் நடித்த ஜானி டெப்பின் மேக்கப்பைத்தான் எழுதினீர்கள். தமிழில் டப் ஆகும் தொடர்களுக்கு வசனம் எழுதுபவர்கள் பெயரை என்றாவது அச்சிட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

விமர்சனப் பெட்டியில் இயக்கம், இசைக்குக் கீழே ‘திரைக்கதை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். குழந்தைகள் படத்துக்கும்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், திருச்சி