அந்தக் கரும்பாறைகளுக்கு ஒரு காலையை ஒதுக்குங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு வேன் சுற்றுலா ஏற்பாடு செய்யும் நம் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த பயணத்துக்கான அறிவிப்பைப் பார்த்தேன். ஆல்புகர்க்கி நகரில், பாறைகளில் கொத்திய பழங்கால உருவங்கள் நிறைந்த பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடத்துக்கு இந்த முறையும் அதே நேரம்தான்: மதியம் ஒரு மணிக்குப் போய், முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு சாண்டா ஃபே கிளம்புவது. தயவுசெய்து இதை மாற்றுங்கள். காலை முழுவதையும் அதற்கே கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சென்ற முறை அந்த வேனில் நானும் வந்திருந்தேன். பார்வையாளர் மையத்தில் இறங்கியதும் பிள்ளைகள் "பாறை எங்கே?" என்று கேட்டார்கள். அங்கே பாறைகளைப் பார்க்கும் பாதை எதுவும் இல்லை. வரைபடம் வாங்கலாம், வனக்காவலரிடம் விவரம் கேட்கலாம், அவ்வளவுதான். கீறல்களைப் பார்க்க மறுபடி வண்டியேறி வேறு இடத்துக்குப் போக வேண்டும். பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. கடைசி இருபது நிமிடத்தில், அந்த நினைவிடத்தின் ஒரு பகுதியான போகா நெக்ராவுக்கு ஓடினோம். உச்சி வெயிலில் பாறை முழுவதும் ஒரே பளபளப்பு. உருவங்கள் கண்ணில் பிடிபடவில்லை. நம்மில் ஒருவர் படம் தெளிவாக விழட்டும் என்று கையில் தண்ணீர் ஊற்றிக் கீறலைத் தேய்த்தார். பக்கத்தில் நின்ற நானும் தடுக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அறிவிப்பில் "குகை ஓவியங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே குகையும் இல்லை, வண்ணமும் இல்லை. நடந்தது என்ன என்று சொல்கிறேன், வேனிலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தரை நீளவாக்கில் பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. மேலே அது கரும்பாறையாக இறுகிக்கொண்டது. அடியில் இருந்த மண் மென்மையானது, காலப்போக்கில் அரித்துப்போனது. தாங்க ஆளில்லாமல் மேல்பாறை உடைந்து சரிவெங்கும் உருண்டு கிடக்கிறது. இப்படி ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு நீள்கிறது அந்தச் சரிவு.

ஒரு பாறையின் அருகில் போய் உட்கார்ந்து பாருங்கள். மேல்தோல் கன்னங்கரேல் என்றிருக்கும். இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்லிசாகப் படிந்த மெருகு அது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பியூப்ளோ மக்களின் முன்னோர் கல்லை உளிபோல வைத்து, இன்னொரு கல்லால் தட்டி, அந்தக் கருந்தோலை மட்டும் கொத்தி எடுத்தார்கள். உள்ளிருந்த வெளிர்சாம்பல் நிறம்தான் உருவமாகத் தெரிகிறது. கிட்டே பார்த்தால் கோடு கோடாக இருக்காது, புள்ளி புள்ளியாகத் தட்டிய தடம் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு அடி. கை படப் பட, தோலின் எண்ணெய் அந்தப் பரப்பைக் கெடுக்கிறது. கொத்திய அன்றிலிருந்து அது அப்படியே நிற்பது, தொடாதவர்களின் புண்ணியத்தில்தான்.

இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் அங்கே உண்டு. பெரும்பாலானவை 1300க்கும் 1680க்கும் இடையில் கொத்தப்பட்டவை. சில அதைவிட மிகப் பழையவை. பிற்பாடு வந்த ஸ்பானியக் குடியேறிகள் கொத்திய சிலுவைகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது போகா நெக்ராவில் இருக்கும் பஞ்சவர்ணக் கிளி. அந்தப் பறவை இந்தப் பாலையில் வாழ்வதே இல்லை, அதன் காடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மெக்சிகோவின் தெற்கே. வணிகர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதன் இறகும் உயிர்ப்பறவையும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. குதிரைகூட இல்லாத காலம் அது!

பியூப்ளோ மக்களுக்கு இது இன்றும் புனித இடம். வழிபாட்டுக்கு வருகிறார்கள். சில உருவங்களின் பொருளை வெளியில் சொல்வதில்லை என்பது அவர்கள் முடிவு. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று பிள்ளைகள் கேட்டால் நாமாக ஒரு கதை கட்டிவிட வேண்டாம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். காலையில் முதலில் ரின்கனாடா பள்ளத்தாக்கு. சுற்றுப்பாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர், மணற்பாங்கானது, ஏற்றம் குறைவு, வழியில் சுமார் 300 உருவங்கள். சாய்வெயிலில் அவை துலக்கமாகத் தெரியும். பெரியவர்களையும் சின்னக் குழந்தைகளையும் போகா நெக்ராவுக்கு அழைத்துப் போங்கள். நிழல், குடிநீர், கழிப்பறை மூன்றும் உள்ள பாதைகள் அங்கேதான். வண்டி நிறுத்த ஓரிரு டாலர் வாங்குவார்கள். அங்கே மேசா பாயின்ட் பாதை மட்டும் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். மேற்கே எரிமலைக் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. நடக்கத் தெம்புள்ளவர்கள் மட்டும் போகட்டும். மேலிருந்து பார்த்தால் ரியோ கிராண்டே ஆற்றின் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் சாண்டியா மலையும் தெரியும்.

இடம் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே. சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு மூச்சு வாங்கும், தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். பாறை இடுக்கில் கையை நுழைக்கக் கூடாது, கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை சட்டென்று வரும். மதிய நேரத்தை விட்டுவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாயிற்கதவு மூடும் நேரத்தையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வேன் கதவைத் திறப்பதற்கு முன்னால், தொடக் கூடாது, ஏறி உட்காரக் கூடாது, தண்ணீரோ சாக்பீஸோ பூசக் கூடாது என்று யாராவது எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருவரும் கிடைக்காவிட்டால் நான் சொல்கிறேன். நேரத்தைக் காலைக்கு மாற்றியதும் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சவர்ணக் கிளி இருக்கும் பாறைக்குப் பிள்ளைகளை நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
சென்ற பயணத்தில் உங்களோடு வந்த ஒருவர்